ஜவ்வாது மலைக்கு ஒரு 15 பல் புல்லட்

வண்டி 1986 மாடல் புல்லட் 350. வார்ப்பிரும்பு பேரல், 6 வோல்ட் கரெண்ட், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். பெரியப்பா ஆற்காட்டில் அரிசி மண்டி வைத்திருந்த காலத்தில் வாங்கி, நெல் பார்க்கப் போக வர ஓட்டியது. அவருக்குப் பிறகு காட்பாடியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் சாக்குக்கு அடியில் கிடந்தது. எஞ்சின் நல்ல நிலையில்தான் இருந்தது. ஆயில் மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி, பாயிண்டை (தீப்பொறிக்கான தொடுமுனை) தேய்த்து விட்டதும் உதைத்தவுடன் கிளம்பிவிட்டது. அதனால் எஞ்சின் பிரித்த கதை இதில் கிடையாது.

ஷோரூம் பளபளப்புக்குக் கொண்டு வா என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கு வேண்டியது வேறு. வேலூரிலிருந்து கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் மலை வந்துவிடுகிறது. கணியம்பாடி தாண்டி அமிர்தி, அந்தப் பக்கம் ஒடுகத்தூர், மேலே பீஞ்சமந்தை, ஜமுனாமரத்தூர், ஆலங்காயம் வழியாகக் காவலூர். தார் ரோடு முடிந்து மண் பாதை தொடங்கும் இடத்தில் திரும்பி வராமல், மூட்டை முடிச்சோடு இரண்டு மூன்று நாள் சுற்றக்கூடிய வண்டி வேண்டும். காசு இருந்தால் இதற்கென்றே செய்த புது வண்டிகள் கடையில் கிடைக்கின்றன, தாராளமாக வாங்கலாம். நான் சொல்லப்போவது வீட்டில் ஏற்கெனவே பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு.

வேலூர் சைதாப்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் வண்டியைக் கொண்டுபோனேன். வேலூரில் இரும்பு எஞ்சின் புல்லட்டை இன்னும் பொறுமையாகப் பார்ப்பவர்களில் அவர் ஒருவர். நான் போர் (சிலிண்டரின் விட்டம்) ஏற்றலாமா, பெரிய கார்புரேட்டர் வைக்கலாமா என்று அடுக்கிக்கொண்டே போனதைக் கேட்டுவிட்டு, "தம்பி, வண்டிய பறக்க வுடணுமா, ஏற வுடணுமா? மொதல்ல அத்த சொல்லு" என்றார். ஏற விட வேண்டும் என்றேன். "அப்போ எஞ்சின்ல கை வெக்காத."

மொத்த வேலைக்கும் அடிப்படை அதுதான். 346 சி.சி., 18 குதிரை சக்தி, 160 கிலோவுக்கு மேல் எடை. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு வேகத்துக்கு ஆசைப்பட்டால் பணமும் போகும், பிக் எண்டும் (பிஸ்டன் தண்டு கிராங்க்கைப் பிடிக்கும் மூட்டு) போகும். ஆனால் இதன் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 90 மி.மீ., போர் 70 மி.மீ. நீள ஸ்ட்ரோக், கனமான ஃபிளைவீல். குறைந்த சுற்றில் இழுப்பதுதான் இதன் பிறவிக் குணம். 1948இல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த, கரடுமுரடுப் பாதையில் ஓட்டும் ஆறு நாள் டிரையல் பந்தயத்தில், ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தை மேலும் கீழும் ஆட விடும் கை) வைத்த முதல் 350 புல்லட்டுகள் இரண்டு இறங்கித் தங்கப் பதக்கம் வாங்கின. 1952இலும் 1957இலும் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையலை ஜானி பிரிட்டன் என்பவர் ராயல் என்ஃபீல்டு புல்லட்டில் ஜெயித்தார். அந்த 52க்கும் 57க்கும் நடுவில், 1955இல்தான் மெட்ராஸ் மோட்டார்ஸ் ராயல் என்ஃபீல்டோடு கூட்டுச் சேர்ந்து இங்கே புல்லட் தயாரிப்பு தொடங்கியது. நாம்தான் இதை மிராசுதார் வண்டி, போலீஸ் வண்டி என்று தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டோம்.

வேலை தொடங்கும் முன் சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களோடு ஒத்துப்போகாத அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. பழைய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வண்டியோடு போய் நிற்க வேண்டும் என்பதால் இது வெறும் காகிதச் சட்டம் இல்லை. ஆகவே ஃபிரேமில் ஒரு இடத்திலும் அறுக்கவில்லை, வெல்டிங் வைக்கவில்லை. எல்லாமே போல்ட் நட்டில் நிற்கிறது. கழற்றிய அசல் சாமான்கள் பெயர் எழுதிய சாக்குகளில் பரண் மேல் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் பெரியப்பா வண்டியாகத் திரும்பிவிடும்.

இனி வேலை. முதலில் செய்ததும், செலவுக்கு அதிகப் பலன் கொடுத்ததும் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல் சக்கரம்) மாற்றம்தான்.

புல்லட்டில் எஞ்சின் ஸ்பிராக்கெட்டுக்கு 25 பல், கிளட்சுக்கு 56, கியர் பாக்ஸ் ஸ்பிராக்கெட்டுக்கு 16, பின் சக்கரத்துக்கு 38. நான்காவது கியர் நேர் கியர், ஒன்றுக்கு ஒன்று. கணக்குப் போட்டால் டாப் கியரில் எஞ்சின் சுமார் 5.3 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. மலைக்குக் கியரை இன்னும் இறக்க வேண்டும், அதாவது இந்த எண் கூட வேண்டும். மற்ற வண்டிகளில் பின் ஸ்பிராக்கெட்டைப் பெரிதாக்குவார்கள், அதுதான் சுலபம். புல்லட்டில் அந்த வழி அடைபட்டது. பின் ஸ்பிராக்கெட்டும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பு. பல்லை மாற்ற வேண்டுமென்றால் டிரம்மையே மாற்ற வேண்டும். மிச்சம் இருப்பது கியர் பாக்ஸ் ஸ்பிராக்கெட். 16ஐ 15 ஆக்கினால் 5.3 என்பது சுமார் 5.7 ஆகிறது. டாப் கியரில் நிமிடத்துக்கு 3000 சுற்றில் 69 கி.மீ. வேகத்தில் போனது இனி 64இல் போகும். இழப்பு அவ்வளவுதான்.

ஒரே ஒரு பல்லுக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்கலாம். அந்தக் கால புல்லட்டின் பிக் எண்டில் ரோலர் பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ்தான். புஷ்ஷுக்கும் கிராங்க் பின்னுக்கும் நடுவில் ஆயில் படலம் நிற்கும்வரைதான் அதற்கு உயிர். ஆயில் பம்ப் எஞ்சின் சுற்றும் வேகத்துக்குத்தான் ஊற்றும். மேட்டில் எஞ்சின் சுற்று விழுந்துவிட்ட பிறகும் கியரை இறக்காமல் த்ராட்டிலை முழுக்கத் திறந்து முக்க விட்டால், ஆயில் குறைவாக வரும் நேரத்தில் அடி மட்டும் பலமாக விழுகிறது. பிக் எண்டு போவது அங்கேதான். கியர் இறங்கினால் அதே மேட்டில் அதே வேகத்தில் எஞ்சின் கொஞ்சம் அதிகமாகச் சுற்றும், கொஞ்சம் குறைவாக முக்கும். 18 குதிரையை 22 ஆக்குவதைவிட இது வண்டிக்கும் நல்லது, பர்சுக்கும் நல்லது.

15 பல் ஸ்பிராக்கெட் தேடி சென்னை புதுப்பேட்டை வரைக்கும் போனேன். 17, 18 எல்லாம் கிடைக்கிறது. எல்லோரும் ஹைவேயில் பறக்க ஆசைப்படுகிறார்கள் போல. கடைசியில் ராணிப்பேட்டையில் பல் வெட்டும் பட்டறை ஒன்றில் பழைய 16ஐ மாதிரிக்குக் கொடுத்து வெட்டச் சொன்னேன். இ.என்.8 இரும்பு, உள்பக்கத் தண்டுக் காடிகளை ஸ்லாட்டிங் மெஷினில் போட்டு, வெளியே பல் வெட்டி, பல் நுனிகளுக்கு மட்டும் ஹார்டனிங். மிஷின்காரர் உற்சாகமாகிவிட்டார். 360ஐ 15ஆல் வகுத்தால் சுத்தமாக 24 டிகிரி, 16 என்றால் 22.5 என்று இழுக்கும் என்றார். சின்ன ஸ்பிராக்கெட்டில் செயின் கொஞ்சம் அதிகமாக வளைந்து ஓடுவதால் இரண்டுமே சீக்கிரம் தேயும் என்று அவரே எச்சரித்தும் விட்டார். அதனால் இரண்டாவது ஒன்றும் சேர்த்தே வெட்டி வாங்கிக்கொண்டேன்.

மாட்டுவதுதான் வேலை. கியர் பாக்ஸ் ஸ்பிராக்கெட் கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. இடது ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல் இரண்டையும் எடுத்துவிட்டு, பிரைமரி கவரின் (எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயினை மூடும் கவர்) நடுவில் இருக்கும் ஒற்றை நட்டைக் கழற்ற வேண்டும். அந்தப் பெரிய கவர் முழுவதும் அந்த ஒரு நட்டில்தான் நிற்கிறது. கீழே ட்ரே வைக்காமல் கழற்றாதீர்கள், ஆயில் முழுக்க உங்கள் மடியில்தான். பிறகு கரெண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரின் ஸ்டேட்டர் (அசையாமல் நிற்கும் சுருள்), ரோட்டார் (உள்ளே சுற்றும் காந்தம்), கிளட்ச் ஸ்பிரிங், பிளேட்டுகள், கிளட்ச் நடு நட்டு. எஞ்சின் ஸ்பிராக்கெட், இரட்டை வரிசை பிரைமரி செயின், கிளட்ச் டிரம் மூன்றையும் ஒரே நேரத்தில் சேர்த்து இழுக்க வேண்டும், ஏனென்றால் அந்தச் செயினில் பிரிக்கும் லிங்க் கிடையாது. அதற்கும் பின்னால் உள்கவர். அதையும் எடுத்தால் ஸ்பிராக்கெட் முகம் காட்டும்.

திரும்பப் பூட்டும்போது பாய் நிதானமாகச் செய்தது ஒரு இடத்தில் மட்டும்தான்: ஸ்டேட்டர். ரோட்டார் காந்தத்துக்கும் ஸ்டேட்டர் தகடுகளுக்கும் நடுவில் சுற்றிலும் சுமார் 0.2 மி.மீ. இடைவெளி வேண்டும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் எஃகு என்பதால் காந்தம் அதைப் பிடித்து இழுத்து ஏமாற்றும். அவர் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை நீளமாக வெட்டி ரோட்டாரைச் சுற்றி விட்டு, ஸ்டேட்டரை அதன்மேல் உட்கார வைத்து மூன்று நட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி முடுக்கினார். கடைசியில் தாளை உருவினார். ஒரே சீராக, எங்கும் பிடிக்காமல் வந்தது. இல்லாவிட்டால் மறுபடி தளர்த்து. ஒரு பக்கம் உரசினால் ஸ்டேட்டர் கருகிவிடும், அதுவும் ஊரில் ஆகாது, மலையில்தான் ஆகும்.

செயினைப் பற்றி ஒரு கவலை இருந்தது. ஒரு பல் குறைந்தால் செயின் தொங்குமே, லிங்க் வெட்ட வேண்டுமா? வேண்டாம். செயின் பிட்ச் 5/8 அங்குலம். ஒரு பல் குறைந்தால் சக்கரம் பின்னால் போக வேண்டிய தூரம் அதில் கால்வாசி, அதாவது சுமார் 4 மி.மீ. பின் அச்சின் அட்ஜஸ்டர் கேமில் அதற்குத் தாராளமாக இடம் இருந்தது.

பிரைமரி திறந்திருக்கும்போதே 12 வோல்ட் ஸ்டேட்டர் ரோட்டாரும் மாற்றிவிட்டோம். காயிலும் பேட்டரியும் ஹாரனும் பல்பும் அதற்கேற்ப மாறின. ஹெட்லைட்டுக்கு 60/55 வாட் ஹாலஜன் போடச் சொல்லிப் பலர் சொன்னார்கள். மலையில் வண்டி குறைந்த சுற்றிலேயே ஓடும், ஆல்டர்னேட்டர் அப்போது குறைவாகத்தான் கொடுக்கும். அம்மீட்டர் முள் இடது பக்கமே சாய்ந்து கிடக்கும், பேட்டரி கரையும். அதனால் குறைந்த வாட்டில் எல்.இ.டி. போட்டேன். பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடும் யோசனையை மட்டும் ஒதுக்கினேன். பாயிண்ட் தேய்ந்தால் தீப்பெட்டிப் பக்கவாட்டு மருந்துத் தாளில் தேய்த்து, 0.35 முதல் 0.40 மி.மீ. இடைவெளி வைத்து வீடு வந்து சேரலாம். எலக்ட்ரானிக் பெட்டி செத்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வரவேண்டும்.

அடுத்தது வண்டியின் வயிறு. புல்லட் ஃபிரேமில் எஞ்சினுக்கு அடியில் குழாய் கிடையாது. முன்னால் இறங்கும் ஒற்றைக் குழாய் எஞ்சினின் முன் பிளேட்டோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து பின்னால்வரை எஞ்சினும் கியர் பாக்ஸும்தான் ஃபிரேமின் வேலையைச் செய்கின்றன. அதாவது தரைக்குப் பக்கத்தில் இருப்பது அலுமினிய கிராங்க் கேஸும், அதிலிருந்து துருத்தும் டிரெயின் போல்ட்டுகளும். இந்த வண்டியில் ஆயில் டேங்க்கும் தனியாக இல்லை, கிராங்க் கேஸிலேயே ஒரு அறை. ஒரு கல் சரியான இடத்தில் அடித்தால் எஞ்சின் ஆயில் முழுவதும் பாதையில்தான்.

ஆகவே அடித்தகடு. சென்னை பெங்களூர் ஹைவே ஓரத்து லாரி பாடி கட்டும் பட்டறைகளில் பஸ் தரைக்குப் போடும் கோடு போட்ட அலுமினியத் தகடு துண்டு துண்டாகக் கிடைக்கும். 4 மி.மீ. கனத்தில் ஒரு துண்டை எடை போட்டு வாங்கினேன். 30க்கு 25 செ.மீ. அளவில் 800 கிராம் சுமாருக்கு வந்தது. அதே அளவை 3 மி.மீ. இரும்பில் செய்தால் ஒன்றே முக்கால் கிலோ. முன்பக்கம் எஞ்சின் பிளேட்டின் கீழ் ஸ்டட்டிலேயே இரண்டு காது வைத்துப் பிடித்தோம். பின்பக்கம் சென்டர் ஸ்டாண்டு தொங்கும் இடத்துக்குப் பக்கத்துப் பிளேட்டில் கிளாம்பு. நான்கு இடத்திலும் லாரி மட்கார்டு ரப்பர் வாஷர். அது இல்லாவிட்டால் புல்லட் அதிர்வில் தகடு தவில் மாதிரி அடிக்கும். டிரெயின் போல்ட்டுக்கு நேராக ஸ்பேனர் நுழையும் அளவுக்கு ஓட்டை, காற்றுக்கு முன்பக்கம் நீளக் கீறல்கள். மே மாதத்து வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், காற்றுக் குளிர் எஞ்சினை அடியில் மூடி வைப்பது நல்லதல்ல.

சென்டர் ஸ்டாண்டை எடுத்துவிடு, அதுதான் முதலில் இடிக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. மலையில் தனியாக பஞ்சர் ஒட்டியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். எடுக்கவில்லை. தகட்டின் பின் விளிம்பை ஸ்டாண்டின் காலுக்கு முன்னால் கொஞ்சம் இறக்கி வளைத்தோம், கல் அதில் வழுக்கிப் போய்விடும். சைடு ஸ்டாண்டின் பாதத்துக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு. இல்லாவிட்டால் மணலில் புதைந்து வண்டி சாயும்.

டயரில் பெரிய விவாதம் வேண்டாம். அசல் அளவு முன்னும் பின்னும் 3.25-19. ரிம் அளவை மாற்றாமல் பின்னால் மட்டும் மண்ணைக் கவ்வும் 3.50-19 கட்டை டயர் போட்டேன். செயின் கார்டுக்கும் டயருக்கும் இடையே ஒரு விரல் நுழைகிறது. முன்னால் பழைய வரி டயரே. வழுக்குவது பின் சக்கரம்தானே. ஆனால் டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் மறக்காதீர்கள். மணலில் காற்றைக் குறைத்து ஓட்டும்போது டயர் ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நகரும், கூடவே டியூபும் நகரும், கடைசியில் வால்வு அடியோடு பிய்ந்து வரும். அதை ஒட்ட முடியாது, டியூபைத் தூக்கி எறிய வேண்டியதுதான். ஹைவே ஓட்டத்துக்குத் திரும்பும்போது காற்று ஏற்றிக்கொள்ள சைக்கிள் பம்ப் ஒன்று வண்டியிலேயே கிடக்கிறது.

முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங்குக்கு மேல் இரண்டு செ.மீ. குழாய்த் துண்டு வைத்து, கொஞ்சம் கெட்டியான ஆயில் ஊற்றி, வெளியே ரப்பர் உறை மாட்டினோம். பின் ஷாக்கை நீளமாக்கச் சொல்லி ஒருவர் சொன்னார். பின்னால் தூக்கினால் முன் ஃபோர்க் செங்குத்தாகி ஹேண்டில் பதறும், சென்டர் ஸ்டாண்டு தரைக்கு எட்டாது. அசல் நீளத்திலேயே நல்லதாக ஒரு ஜோடி. ஹேண்டில்பார் கொஞ்சம் அகலமாகவும் உயரமாகவும் மாறியது. எழுந்து நின்று ஓட்டும்போது முதுகு வளையக் கூடாது. கிளட்ச் கேபிளும் த்ராட்டில் கேபிளும் நீளமானவை போட வேண்டியிருந்தது. வலது கால் கியரில் குதிகாலால் மிதிக்கும் பின் முனை இருக்கிறதே, அதை வெட்டிவிட எல்லோரும் துடிப்பார்கள். கனமான பூட்ஸோடு மேட்டில் கியர் போட அதைவிடச் சௌகரியம் வேறு இல்லை. நியூட்ரல் ஃபைண்டரும் அப்படித்தான். பாதி மேட்டில் நின்றுவிட்ட வண்டியை ஒரே மிதியில் நியூட்ரலுக்குக் கொண்டுவரும் வசதி இன்றைய வண்டிகளில் எங்கே இருக்கிறது?

சைலன்சரை உயரத் தூக்குவதுதான் படத்தில் அழகு. புல்லட்டில் சைலன்சர், கிக்கர், கியர் மூன்றும் வலது பக்கம். குழாயை மேலே கொண்டுபோனால் கிக்கர் இடிக்கும், உதைக்கிற காலும் வேகும். அதனால் குழாய் கிக்கருக்கு அடியிலேயே போகிறது, வால் மட்டும் ஒரு சாண் தூக்கலாகப் போகும்படி வேறொரு வளைவுக் குழாயைச் செய்தோம். சைலன்சர் அசல், உள்ளே சத்தத்தைக் குறைக்கும் பேஃபிளும் அசல். காட்டுக்குள் இருக்கும் ஊர்களுக்குச் சத்தத்தைக் கொண்டுபோக எனக்கு விருப்பமில்லை.

பயண மூட்டைக்கு வருவோம். இந்த வட்டாரத்தில் இருந்துகொண்டு பை வெளியிலிருந்து வாங்குவது பாவம். முதலில் ஆம்பூரில் தோல் பை தைக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஷூ மேல்பாகம் தைக்கும் ஒருவர் தோலைக் கையில் கொடுத்து எடையைப் பார்க்கச் சொன்னார். நனைந்தால் இன்னும் கனக்கும், காயாமல் கட்டி வைத்தால் பூஞ்சை பூக்கும் என்று அவரே தடுத்துவிட்டார். பைக்கு லாரித் தார்ப்பாய், வாருக்கு மட்டும் தோல் என்பது அவர் யோசனை. வேலூரில் தார்ப்பாய் தைக்கும் கடையில் இரட்டை மடிப்பாக இரண்டு பை தைத்து வாங்கி, வாரும் பக்கிளும் ஆம்பூரில் போட்டேன். வார் கிழிந்தால் எந்த ஊர் செருப்புக் கடையிலும் தைத்துக்கொள்ளலாம்.

பையைத் தாங்க இடது பக்கம் சாரி கார்டு தயாராக இருக்கிறது. பின் சீட்டுக்காரர் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்கத் தடுப்பு வேண்டும் என்பது வாகன விதி, அதனால் அதைக் கழற்றவும் கூடாது. அதன் போல்ட்டுகளிலேயே ஒரு குழாய்ச் சட்டம் பிடித்து, பையை சீட்டுக்குக் கீழே, முடிந்தவரை முன்னால் தள்ளித் தொங்கவிட்டோம். வலது பக்கத்துச் சட்டம் சைலன்சருக்கு மேலே, நடுவில் ஒரு சூட்டுத் தகடு. பின் கேரியரில் தார்ப்பாய்ச் சுருள் மட்டும். கனம் பின் அச்சைத் தாண்டிப் பின்னால் போகப் போக, மேட்டில் முன் சக்கரம் லேசாகிவிடும்.

டூல்ஸ் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த வண்டியில் பாதி போல்ட் விட்வொர்த் அளவு, இடையில் மெக்கானிக்குகள் கை வைத்ததில் மீதி மில்லிமீட்டர். கடையில் விற்கும் அழகான செட்டைத் தூக்கிக்கொண்டு போனால் மலையில் எதற்கும் பொருந்தாது. வண்டியை முன்னிருந்து பின்வரை ஒருமுறை கழற்றும்போது கையில் எடுத்த ஸ்பேனர்களை மட்டும் ஒரு துணியில் சுருட்டினேன், அதுதான் செட். கூட டியூப், டயர் லிவர், பாயிண்ட், கண்டென்சர், பிளக், செயின் லாக், கிளட்ச் கேபிள், கட்டுக்கம்பி, எம்-சீல். பெட்ரோல் டேங்க்கில் கசிவு வந்தால் துணி சோப்பைத் தேய்த்தாலே வீடு வரும்வரை தாங்கும்.

ஓட்டிப் பார்க்க முதலில் பாலாற்றைக் கடக்கும் மணல் தடத்துக்குப் போனேன். முதல் கியரில் கிளட்சைத் தொடாமல், நடக்கும் வேகத்தைவிடக் கொஞ்சம் கூட, டப் டப் என்று தானாகவே நகர்ந்தது. முன்பு இதே இடத்தில் ஹாஃப் கிளட்சிலேயே நகர்த்த வேண்டும், பிளேட் வாசனை வரும். ஒரு பல்லின் வித்தியாசம் எண்ணில் சின்னது, கையில் நன்றாகவே தெரிகிறது.

மலைக்கு ஒடுகத்தூர் பக்கமாக ஏறினேன். ஜவ்வாது மலையில் பெரும்பகுதி காப்புக்காடு. ஊருக்கு ஊர் போகும் பாதையைத் தாண்டி வனத்துறை அனுமதி இல்லாமல் வண்டியைக் காட்டுக்குள் விடக் கூடாது, விடவும் தேவையில்லை. ஊர்ப் பாதைகளிலேயே போதுமான கல்லும் பள்ளமும் இருக்கின்றன. சாமைக் கொல்லைகளின் ஓரமாகப் போகும் ஒரு ஏற்றத்தில் தகட்டில் இரண்டு முறை பலமாக அடி விழுந்தது. இறங்கிப் பார்த்தால் கோட்டில் ஒரு நசுங்கல், ஆயில் கசிவு இல்லை. ஜமுனாமரத்தூரில் டீ குடிக்க நிறுத்தியபோது ஒரு பெரியவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இத்த இன்னாத்துக்குப்பா இப்படிக் கெடுத்து வெச்சிக்கினு கீற?" என்றார். பெரியப்பா இருந்திருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பார்.

காவலூர் வழியாக இறங்கும் பாதை நல்ல தார். வைணு பாப்பு வானாய்வகத்தின் வெள்ளைக் கூரை தெரியும் அந்த இடம் 725 மீட்டர் உயரம்தான். ஜமுனாமரத்தூர் வட்டாரமும் பெரிய உயரம் இல்லை. காற்று மெலியும் உயரத்துக்கு ஏற்ப கார்புரேட்டரில் ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) மாற்றும் தேவையே வரவில்லை. ஏர் கிளீனர்தான் கவனம் கேட்கிறது. மண் பாதையில் ஒரு நாள் ஓட்டினால் உறையைத் தட்டினாலே செம்மண் கொட்டுகிறது.

பாதகங்களும் உண்டு. வலது பையின் சட்டம் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விட்டது. மண் பாதையில் இல்லை, திரும்பி வரும்போது ஹைவேயில், 70ஐத் தொட்டபோது. புல்லட்டின் அதிர்வு அந்த வேகத்தில் வேறு மாதிரி. உடைந்த இடத்துக்கு முக்கோணத் தகடு வைத்து, போல்ட்டுகளுக்கு ரப்பர் புஷ் போட்டதும் நின்றது. கியர் இறங்கியதால் ஹைவே ஓட்டத்தில் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கிறது. 60இல் போனால் சுகம், அதற்கு மேல் கத்துகிறது. லாரிக்குப் பின்னால் பொறுமையாகப் போகத் தெரியாதவர்களுக்கு இந்த ஸ்பிராக்கெட் ஒத்துவராது. ஓட்டம் முடிந்து வால்வைத் திறக்கும் டேப்பெட்டின் இடைவெளியைப் பார்த்தோம். எஞ்சின் ஆறியபின் புஷ் ராடை இரண்டு விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. சரியாகவே இருந்தது.

இறக்கத்தில்தான் இன்னும் வேலை பாக்கி. முன்னால் இருப்பது 6 அங்குலச் சின்ன டிரம், ஒற்றை லீடிங் ஷூ, அதாவது சக்கரம் சுற்றும் திசையில் அழுந்தும் ஷூ ஒன்றுதான். பைகளோடு நீள இறக்கத்தில் இறங்கினால் சூடாகி லிவர் கைப்பிடிக்கே வந்துவிடுகிறது. பிற்கால புல்லட்டின் 7 அங்குல இரட்டை லீடிங் ஷூ டிரம் ஒன்று பாய் எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்திருக்கிறார். ஸ்போக்ஸ் நீளம் வேறு, பிரேக் பிளேட்டைப் பிடிக்கும் காது ஃபோர்க் காலில் உட்காருகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஸ்போக்ஸ் வந்ததும் ரிம் கட்டி, ஷூவை டிரம்மோடு சேர்த்து லேத்தில் ஒருமுறை பிடித்து மாட்டுவதாக ஏற்பாடு. அதுவரை வண்டி முன் சக்கரம் இல்லாமல் பட்டறையில் செங்கல் மேல் நிற்கிறது.